மெட்டஃபர் என்று எழுதினால் போதுமா?

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்தேன். முதல் உள்தேர்வில் ஒரு கவிதையைக் கொடுத்து அதன் நயத்தை எழுதச் சொன்னார்கள். இது நமக்குப் பழகின வேலைதானே என்று நினைத்துக்கொண்டேன். பள்ளியில் தமிழ்த் தேர்வில் ‘நயம் பாராட்டுக’ என்று வரும். திரண்ட கருத்து, மோனை நயம், எதுகை நயம், அணி நயம், சந்த நயம் என்று தலைப்புப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஒரு எடுத்துக்காட்டை வைத்துவிட்டால் மதிப்பெண் வந்துவிடும். அதே கையோடு மெட்டஃபர், சிமிலி, அலிட்டரேஷன் என்று பதினோரு சொற்களை அடுக்கி மூன்று பக்கம் எழுதினேன். பதினைந்துக்கு நாலு. விடைத்தாளின் ஓரத்தில், பதினோரு இடத்திலும் சிவப்பு மையில் ஒரே கேள்வி: ‘ஸோ வாட்?’

அதனால் என்ன? அன்றைக்குக் கோபம்தான் வந்தது. இப்போது அதே பாடத்தை நான் சொல்லிக்கொடுக்கிறேன். நானும் அதையே எழுதுகிறேன், பச்சை மையில்.

இந்தக் கட்டுரை புதிதாக ஆங்கில இலக்கியம் படிக்க வருகிறவர்களுக்கு. கலைச்சொற்கள் எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை, அதற்கு அகராதி இருக்கிறது. எந்தச் சொல்லை எதற்காகக் கையில் எடுக்கிறோம் என்பதை மட்டும் பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாடத்தில் வந்து விழும் சொற்கள் இரண்டு வீட்டிலிருந்து வருகின்றன. மெட்டஃபர், ஐரனி, சானட், நரேட்டர் போன்றவை இலக்கிய வீட்டுச் சொற்கள். இவற்றில் பல, பழைய கிரேக்க, லத்தீன் பேச்சுக்கலையிலிருந்து வந்தவை. ரெஜிஸ்டர், மோடாலிட்டி, டெய்க்சிஸ், பாசிவ் வாய்ஸ் போன்றவை மொழியியல் வீட்டுச் சொற்கள். கவிதையோ கதையோ செய்தித்தாளோ, எதைக் கொடுத்தாலும் வாக்கியம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்கிறவை. இரண்டு வீட்டுக் கருவிகளையும் சேர்த்து வைத்துப் படிக்கிற துறைக்கு ஸ்டைலிஸ்டிக்ஸ் என்று பெயர். தமிழில் நடையியல் என்கிறோம்.

வீடு இரண்டு என்பதால் குழப்பமும் உண்டு. அனாஃபரா என்ற சொல்லையே பாருங்கள். மொழியியல்காரரிடம் கேட்டால், ‘மாலா வந்தாள், அவள் கையில் குடை’ என்பதில் ‘அவள்’ பின்னோக்கிப் போய் மாலாவைச் சுட்டுகிறதே, அதுதான் அனாஃபரா என்பார். இலக்கியக்காரரிடம் கேட்டால், அடுத்தடுத்த தொடர்கள் ஒரே சொற்களில் தொடங்குவது என்பார். இருவரும் சொல்வது சரி. அதனால் தேர்வில் எழுதும்போது எந்த வீட்டுச் சொல் என்பதை நாம்தான் தெளிவாகக் காட்ட வேண்டும்.

இரண்டாவது வகை அனாஃபராவுக்கு எல்லோரும் காட்டும் எடுத்துக்காட்டு, 1940 ஜூன் 4 அன்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் பிரதமர் சர்ச்சில் பேசியது. இரண்டாம் உலகப் போரில், ஜெர்மன் படை சூழ்ந்த பிரான்சின் டன்கர்க் கரையிலிருந்து ஏறத்தாழ 3 லட்சத்து 38 ஆயிரம் வீரர்களைக் கப்பலிலும் படகிலும் ஏற்றிக் கொண்டுவந்து முடித்த நேரம். ‘வீ ஷல் ஃபைட்’, நாம் போரிடுவோம், என்று திரும்பத் திரும்ப வருகிறது. மாணவர்கள் இங்கே ‘அனாஃபரா, வலியுறுத்தலுக்காக’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். வலியுறுத்தல் என்பது கலைச்சொல் படிப்பில் வரும் மிகச் சோம்பேறியான விடை. எதைச் சொன்னாலும் அது பொருந்தும்.

கொஞ்சம் நின்று, மாறாத சொற்களை விட்டுவிட்டு மாறுகிற சொற்களைப் பாருங்கள். கடற்கரைகளில் போரிடுவோம், விமானம் இறங்கும் திடல்களில் போரிடுவோம், வயல்களிலும் தெருக்களிலும் போரிடுவோம், குன்றுகளில் போரிடுவோம். இடம் கரையிலிருந்து நாட்டுக்குள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. அதாவது எதிரி கரையைத் தாண்டிவிட்டான், ஊருக்குள் வந்துவிட்டான், நாம் மலைக்குப் பின்வாங்கிவிட்டோம் என்கிற கதையும் அதே வாக்கியத்துக்குள் இருக்கிறது. குரல் உறுதியாக நிற்கிறது, கால் பின்வாங்குகிறது. கடைசியில் ‘போரிடுவோம்’ போய்விடுகிறது: ‘நாம் ஒருபோதும் சரணடைய மாட்டோம்.’ ஸோ வாட் என்ற கேள்விக்கு இதுதான் பதில். அனாஃபரா என்ற பெயர் நம்மை அந்த இடத்தில் நிற்க வைத்தது. அதற்கு மேல் பார்த்தது நாம்.

உவமை, உருவகத்தை வேகமாகக் கடந்துவிடலாம், நமக்கு அது புதிதில்லை. சிமிலி உவமை, மெட்டஃபர் உருவகம். மெட்டஃபருக்குள் டெனர், வெஹிக்கிள் என்று இரண்டு பகுதி சொல்வார்கள். ஆங்கில விமர்சகர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் 1936-இல் கொடுத்த பெயர்கள். பள்ளியில் உவமேயம், உவமானம் என்று படித்தோமே, அதேதான். சொல்லப்படும் பொருள் டெனர், அதைச் சுமந்து வருவது வெஹிக்கிள். உவமை நான்கு வழியில் பிறக்கும் என்று தொல்காப்பியம் சொல்கிறது: வினை, பயன், மெய், உரு. செயல், விளைவு, வடிவம், நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலக் கவிதைக்கும் இந்த நான்கு கேள்விகளையும் போடலாம். நகரத்தைத் தேன்கூடு என்று ஒருவர் எழுதினால், ஒப்புமை அறை அறையான வடிவத்திலா, ஓயாத வேலையிலா, கடைசியில் யாரோ வந்து தேனை எடுத்துக்கொண்டு போவதிலா? மூன்றும் வெவ்வேறு கவிதைகள்.

மெட்டானமி மட்டும் அடிக்கடி மெட்டஃபரோடு கலந்துவிடுகிறது. அது ஆகுபெயர். ‘ஊரே சிரித்தது’ என்றால் ஊர் மனிதர்களைப் போல இருக்கிறது என்று பொருளில்லை, மனிதர்கள் ஊரில் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அரசாட்சியைக் ‘கிரவுன்’ என்பது இப்படித்தான். கிரீடம் அரசனைப் போல இருப்பதில்லை, அரசன் தலையில் இருக்கிறது. ஒப்புமை இருந்தால் மெட்டஃபர், அண்மை இருந்தால் மெட்டானமி.

ஒலிக்கு வருவோம். அலிட்டரேஷனை மோனை என்று மொழிபெயர்ப்பது வசதிதான், ஆனால் அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. தமிழில் எழுத்தைப் பார்த்தே மோனையைக் கண்டுபிடித்துவிடலாம். ஆங்கிலத்தில் எழுத்தை நம்பினால் ஏமாந்துபோவோம். ‘நைஃப்’ என்ற சொல் கே எழுத்தில் தொடங்குகிறது, ஆனால் அது ‘கிங்’ உடன் சேராது, ‘நைட்’ உடன் சேரும். ‘சிட்டி’யும், பூனையைக் குறிக்கும் ‘கேட்’டும் ஒரே எழுத்தில் தொடங்கும் இரண்டு ஒலிகள். ‘ஃபோன்’, ‘ஃபேன்’ வெவ்வேறு எழுத்தில் தொடங்கும் ஒரே ஒலி. இறுதியிலும் இப்படித்தான்: ‘லவ்’, ‘மூவ்’ இரண்டும் தாளில் ஒரே மாதிரி முடிகின்றன, காதில் முடிவதில்லை. இதற்கு ஐ ரைம் என்று பெயர். நமது கணக்கில், கண்ணுக்கு மட்டும் தெரியும் இயைபு. அதனால் அலிட்டரேஷனை எழுதும் முன் வாய்விட்டுப் படியுங்கள். விடுதி அறையில் படிப்பவர்கள் கொஞ்சம் மெதுவாக.

அப்புறம், வல்லினம் மெல்லினம் இடையினம் தெரிந்த நமக்கு பிளோசிவ், நேசல் என்பதெல்லாம் பயமுறுத்தக் கூடாது. பிளோசிவ் பெரும்பாலும் நம் வல்லினம், நேசல் மெல்லினம். ‘ஸ்’ ஒலி மிகுந்து வந்தால் சிபிலன்ஸ். ‘ஸ்’ வந்தாலே பாம்பு என்று எழுதுகிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஒலிக்குத் தனியாகப் பொருள் கிடையாது. அந்த வரி பாம்பைப் பற்றி, அல்லது ரகசியத்தைப் பற்றி இருந்தால் ஒலி அதற்குத் துணை போகும். பட்டுப்புடவையைப் பற்றி இருந்தால் அதே ஒலி புடவைக்குத் துணை போகும்.

தமிழ் வழியில் வந்தவர்களுக்கு நிஜமாகவே கால் இடறுகிற இடம் மீட்டர். யாப்பு. தமிழ் யாப்பில் அசை பிரிப்பது குறில், நெடில், ஒற்று பார்த்து. நேரா நிரையா என்பது தாளிலேயே தெரிந்துவிடும். ஆங்கில யாப்பின் கணக்கு வேறு. எந்த அசை ஓங்கி ஒலிக்கிறது, எது தாழ்ந்து ஒலிக்கிறது என்பதே கணக்கு. ‘ரெக்கார்ட்’ என்ற சொல்லில் முதல் அசையை ஓங்கிச் சொன்னால் பெயர்ச்சொல், பதிவு. இரண்டாம் அசையை ஓங்கிச் சொன்னால் வினைச்சொல், பதிவு செய். தமிழில் ‘மரம்’ என்பதை எங்கே ஓங்கிச் சொன்னாலும் மரம்தான். அதனால் நம் காது இந்த வித்தியாசத்தைத் தேடிப் பழகவில்லை. முதல் வருடம் முழுக்க எனக்கு ஸ்ட்ரெஸ் என்றால் தலைவலி என்ற பொருள் மட்டும்தான் தெரிந்தது.

இதற்கு எளிய வழி இருக்கிறது. நல்ல அகராதியில் சொல்லின் உச்சரிப்புக்குள் ஒரு சின்னச் செங்குத்துக் கோடு மேலே நிற்கும். அதற்கு அடுத்த அசைதான் ஓங்கும். அதைப் பார்த்துப் பார்த்து மேசையில் தட்டுங்கள். ‘டுடே’: டி-டம். ‘அபவ்ட்’: டி-டம். இந்தத் தாழ்-ஓங்கு ஜோடிதான் ஐயாம்ப். ஒரு அடியில் அது ஐந்து முறை வந்தால் ஐயாம்பிக் பென்டாமீட்டர். சானட் என்பது பதினான்கு அடிக் கவிதை. 1609-இல் அச்சான ஷேக்ஸ்பியர் சானட்டுகளில் பதினெட்டாவது, ‘ஷல் ஐ கம்பேர் தீ டு எ சம்மர்ஸ் டே?’ என்று தொடங்குகிறது. உன்னைக் கோடைநாளோடு ஒப்பிடட்டுமா? பத்து அசை, ஐந்து தட்டு. டி-டம் டி-டம் டி-டம் டி-டம் டி-டம். இப்போது ஒரு நுணுக்கம். கணக்குப்படி முதல் தட்டு ‘ஐ’ மேல், அதாவது ‘நான்’ மேல் விழ வேண்டும். ஆனால் சாதாரணமாகப் பேசுகிறவர் ‘ஷல்’ மேலும் அழுத்தம் கொடுக்கலாம்: ஒப்பிடட்டுமா, வேண்டாமா? யாப்பு ஒரு பக்கம் இழுக்கிறது, பேச்சு ஒரு பக்கம் இழுக்கிறது. மீட்டரைக் கண்டுபிடித்துப் பெயர் எழுதுவதைவிட, அது எங்கே இடறுகிறது என்று கேட்பதுதான் பலன் தரும்.

யாப்பு மாறும் இடமும் அப்படியே. ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தில் பெரிய மனிதர்கள் பெரும்பாலும் டி-டம் என்ற நடையில் பேசுகிறார்கள். சூனியக்காரிகள் ‘டபுள், டபுள், டாயில் அண்ட் டிரபுள்’ என்று கொப்பரையைச் சுற்றும்போது அது டம்-டி, டம்-டி. இந்தத் தலைகீழ் ஜோடிக்கு டிரோக்கி என்று பெயர். தட்டும் ஐந்திலிருந்து நான்காகக் குறைகிறது. மனிதர்கள் இல்லை இவர்கள் என்று காது முதலில் சொல்லிவிடுகிறது. அதுவரை செய்யுளில் பேசிவந்த மேக்பெத்தின் மனைவி லேடி மேக்பெத், கடைசியில் தூக்கத்தில் நடந்துகொண்டு உரைநடையில் உளறுகிறாள். அவள் பிடித்துவைத்திருந்த எதுவோ கைநழுவிவிட்டது.

சொல்லைப் பற்றிய கலைச்சொற்களில் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது டினோட்டேஷன், கானட்டேஷன். சோறு, சாதம், ரைஸ். பொருள் ஒன்று, அதுவே டினோட்டேஷன். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர் ‘சாதம் வைக்கட்டுமா’ என்பார், வயலிலிருந்து வந்தவர் ‘சோறு போடு’ என்பார். சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும் இந்த வாசனைதான் கானட்டேஷன்.

ஆங்கிலத்தில் இந்த வாசனைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1066-இல் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். ஆண்டவர்கள் பேசியது பிரெஞ்சு, உழுதவர்கள் பேசியது ஆங்கிலம், தேவாலயமும் படிப்பும் லத்தீன். இந்த அடுக்கு இன்றும் சொற்களில் தெரிகிறது. மேயும்போது ‘கவ்’, ‘ஷீப்’, ‘பிக்’. தட்டுக்கு வந்ததும் ‘பீஃப்’, ‘மட்டன்’, ‘போர்க்’. முதல் மூன்றும் உள்ளூர்ச் சொற்கள், அடுத்த மூன்றும் பிரெஞ்சு வழி வந்தவை. செம்மறிக்கறிக்கு இருந்த ‘மட்டன்’ நம்மூர்க் கடைக்கு வந்து வெள்ளாடாகவும் ஆகிவிட்டது, அது வேறு கதை. கேட்பதற்கும் மூன்று சொல் உண்டு: ‘ஆஸ்க்’ ஆங்கிலம், ‘கொஸ்டின்’ பிரெஞ்சு வழி, ‘இன்டராகேட்’ லத்தீன். நண்பன் ஆஸ்க் செய்வான், வக்கீல் கொஸ்டின் செய்வார், போலீஸ் இன்டராகேட் செய்யும்.

இதைத் தெரிந்துகொண்டு மேக்பெத்துக்குத் திரும்புங்கள். அரசனைக் கொன்றுவிட்டு வந்து நிற்கிறான், கையெல்லாம் ரத்தம். கடல் முழுவதும் சேர்ந்தாலும் இதைக் கழுவுமா என்று கேட்டுவிட்டு, இல்லை, இந்தக் கைதான் கடல்களைச் சிவப்பாக்கும் என்கிறான். அந்த இடத்தில் வரும் சொற்கள் ‘த மல்டிட்யூடினஸ் சீஸ் இன்கார்னடீன்’. லத்தீன் வேரிலிருந்து வந்த இரண்டு பெரும் சொற்கள் ஓர் அடியையே அடைத்துக்கொண்டு நிற்கின்றன. அடுத்த அடி: ‘மேக்கிங் த க்ரீன் ஒன் ரெட்’. பச்சையைச் சிவப்பாக்கும், அவ்வளவுதான். குழந்தை சொல்லக்கூடிய சொற்கள். ஒரே செய்தியை அவன் இரண்டு முறை சொல்கிறான். முதல் முறை ராஜாங்கச் சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான், இரண்டாம் முறை ஒளிய இடமில்லை. ‘ரெட்’ என்ற சின்னச் சொல்லில் அடி முடிந்துவிடுகிறது.

இங்கே வரும் கலைச்சொல் டிக்‌ஷன், சொல்தேர்வு. அதற்குப் பக்கத்து வீடு ரெஜிஸ்டர்: இடத்துக்கும் ஆளுக்கும் தக்க மொழி. நீதிமன்ற ரெஜிஸ்டர், மருத்துவமனை ரெஜிஸ்டர், டீக்கடை ரெஜிஸ்டர். காதல் கவிதைக்குள் திடீரென்று வங்கிச் சொற்கள் வந்தால் அங்கே நிற்க வேண்டும். கொலொகேஷன் என்பது எந்தச் சொல் எதோடு சேர்ந்து வாழும் என்பது. ‘ஸ்ட்ராங் டீ’ உண்டு, ‘பவர்ஃபுல் டீ’ கிடையாது. கவிஞர்கள் இந்த ஜோடிகளைப் பிரித்து விளையாடுவார்கள்.

இலக்கணத்துக்கு வந்ததும் வகுப்பில் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். எனக்கோ இங்கேதான் ருசி. ஆங்கிலத்தில் வேலிக்கம்பிகளில் தொங்கும் ஒரு பழைய வாசகம்: ‘டிரெஸ்பாசர்ஸ் வில் பி பிராசிக்யூட்டட்’. அத்துமீறி நுழைவோர் மீது வழக்குத் தொடரப்படும். யார் தொடர்வார்? சொல்லவில்லை. பாசிவ் வாய்ஸில், செயப்பாட்டுவினையில், செய்பவரைத் தூக்கிவிடலாம். இதற்கு ஏஜென்ட் டெலீஷன் என்று பெயர். நிலத்துக்காரர் ‘நான் உன் மேல் கேஸ் போடுவேன்’ என்று எழுதியிருந்தால் அவரோடு சண்டை போடலாம். ஆளே இல்லாத வாக்கியத்தோடு எப்படிச் சண்டை போடுவது? சட்டமே வேலி கட்டி நிற்பது போல ஒரு தோற்றம். நம்மூர்ப் பலகை ‘மீறினால் தண்டிக்கப்படுவீர்கள்’ என்று எழுதும்போது அதுவும் செயப்பாட்டுவினைதான், ஆனால் ‘வீர்கள்’ என்று நம் முகத்தைப் பார்த்துச் சொல்கிறது. ஆங்கிலப் பலகை யாரையும் பார்க்கவில்லை. பெட்டிச் செய்தியோ நாவலோ, செயப்பாட்டுவினையைக் கண்டால் செய்தவர் யார், ஏன் காணவில்லை என்று கேளுங்கள்.

மோடாலிட்டி என்பது சொல்பவர் தன் பேச்சுக்குக் கொடுக்கும் உறுதியின் அல்லது கட்டாயத்தின் அளவு. மே, மைட், மஸ்ட், ஷல் போன்ற துணைவினைகள் அந்த வேலையைச் செய்கின்றன. இதில் இரண்டு வகை உண்டு. ‘அவன் வீட்டில்தான் இருக்க வேண்டும்’ என்று தமிழில் சொன்னால், அது ஊகமாகவும் இருக்கலாம், கட்டளையாகவும் இருக்கலாம். ஊகத்தை எபிஸ்டெமிக் என்றும், கட்டாயத்தை டியான்டிக் என்றும் சொல்வார்கள். ஆங்கில ‘மஸ்ட்’டும் இதே போல இரட்டை வேடம். ஜேன் ஆஸ்டினின் ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ், 1813, முதல் வாக்கியம் ஏறக்குறைய இப்படி: நல்ல சொத்துள்ள மணமாகாத ஆண் ஒருவனுக்கு மனைவி தேவைப்பட்டே தீர வேண்டும் என்பது உலகம் முழுவதும் ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை. அந்த ‘வேண்டும்’ இருக்கும் இடத்தில்தான் ‘மஸ்ட்’. அவனுக்குத் தேவையாக இருக்கும் என்ற ஊகமா, இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டளையா? ‘ஒப்புக்கொள்ளப்பட்ட’ என்பதும் செயப்பாட்டுவினை. ஒப்புக்கொண்டது யார்? அடுத்த வாக்கியம் காட்டிக்கொடுக்கிறது: பெண்ணைப் பெற்ற அக்கம்பக்கத்துக் குடும்பங்கள். அவர்கள் அவனைத் தங்கள் மகள்களில் ஒருத்தியின் சொத்தாகவே கருதுகிறார்கள். ‘உலகம்’ ஒரு தெருவாகச் சுருங்கிவிடுகிறது. சொல்வது ஒன்று, உணர்த்துவது வேறு. இதற்குப் பெயர் ஐரனி. ஐரனி என்று மட்டும் எழுதாமல், அது மோடாலிட்டியிலும் செயப்பாட்டுவினையிலும் உட்கார்ந்திருக்கிறது என்று காட்டினால் பச்சை மை தேவைப்படாது.

வாக்கியமே முழுசாக இல்லாமல் போவதும் உண்டு. மைனர் சென்டன்ஸ் என்பார்கள், முற்றுவினை இல்லாத வாக்கியம். டிக்கன்ஸின் ப்ளீக் ஹவுஸ், 1852 முதல் 1853 வரை தொடராக வந்தது, ‘லண்டன்.’ என்ற ஒற்றைச் சொல்லோடு தொடங்குகிறது. பிறகு மூடுபனி. எங்கும் மூடுபனி, ஆற்றின் மேற்பக்கம் மூடுபனி, கீழ்ப்பக்கம் மூடுபனி. முதல் சில பத்திகளில் முதன்மைத் தொடர்களுக்கு வினைமுற்று வருவதே இல்லை. முற்றுவினை வந்தால் ஒரு செயல் ஒரு காலத்தில் நடந்தது என்று ஆகிவிடும். இங்கே எதுவும் நடப்பதாகவோ முடிவதாகவோ தெரியவில்லை. நாவலின் நடுவில் இருப்பது பல வருடங்களாக இழுத்துக்கொண்டே போகும் ஒரு சொத்து வழக்கு என்று சொன்னால் மிச்சம் உங்களுக்கே புரியும்.

கதையில் குரல் என்பது தனியாக ஒரு புத்தகத்துக்கான விஷயம். ஆசிரியரும், நரேட்டர் என்கிற கதைசொல்லியும் ஒருவரல்லர் என்பதை மட்டும் முதல் நாளே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். கதையில் ‘நான்’ என்று வந்தால் அந்த நான் எழுதியவர் அல்லர். இன்னொன்று, ஃப்ரீ இன்டைரெக்ட் ஸ்டைல். ஒரு எடுத்துக்காட்டு: அவள் ஜன்னலைச் சாத்தினாள். நாளைக்கு இந்த வீட்டை விட்டுப் போய்விடுவாள். யார் தடுக்க முடியும்? முதல் வாக்கியம் கதைசொல்லி. மூன்றாவது யார்? மேற்கோள்குறி இல்லை, ‘என்று நினைத்தாள்’ இல்லை, ஆனால் அது அவள் மனதின் குரல். ஆங்கிலத்தில் இதைக் கண்டுபிடிக்க ஒரு துப்பு உண்டு: வினை இறந்தகாலத்தில் இருக்கும், பக்கத்திலேயே ‘டுமாரோ’ என்று இருக்கும். இறந்தகாலம் கதைசொல்லியுடையது, நாளை பாத்திரத்துடையது.

நாளை, இன்று, இங்கே, அங்கே போன்ற சொற்கள் எல்லாம் பேசுகிறவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தவை. டெய்க்சிஸ் என்று இதற்குப் பெரிய பெயர். அ, இ, உ என்று சுட்டெழுத்து படித்தவர்களுக்குப் பெரிய விஷயமில்லை. வா, தா இரண்டும் தன்மை முன்னிலைக்கும், செல், கொடு இரண்டும் படர்க்கைக்கும் உரியவை என்று தொல்காப்பியம் பிரித்துவைத்திருக்கிறதே, அது முழுக்க டெய்க்சிஸ்தான்.

சரி, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கலாம். ஹாம்லெட் நாடகம், மூன்றாம் அங்கம், நான்காம் காட்சி. ஹாம்லெட்டின் அப்பா இறந்து சில வாரங்களுக்குள் அவன் அம்மா, அப்பாவின் சகோதரனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன்தான் கொலைகாரன் என்பது ஹாம்லெட்டுக்குத் தெரியும். அம்மா கூப்பிட்டு அனுப்புகிறாள். அவள் அறையில்:

‘ஹாம்லெட், தவ் ஹாஸ்ட் தை ஃபாதர் மச் அஃபெண்டெட்.’

‘மதர், யூ ஹாவ் மை ஃபாதர் மச் அஃபெண்டெட்.’

ஹாம்லெட், நீ உன் அப்பாவை ரொம்ப நோகடித்துவிட்டாய். அம்மா, நீங்கள் என் அப்பாவை ரொம்ப நோகடித்துவிட்டீர்கள்.

இரண்டு வரியும் ஒரே அச்சு. விளிப்பு, எழுவாய், செயப்படுபொருள், வினை எல்லாம் அதே இடத்தில், அசைகளும் பதினொன்றுக்குப் பதினொன்று. இது பேரலலிசம். ஒரு வரிக்கு ஒரு வரி என்று மோதும் இந்த உரையாடலுக்கு ஸ்டிகோமிதியா என்று பெயர். அவள் வாக்கியத்தையே பிடுங்கி அவள் மேல் எறிகிறான். ‘ஃபாதர்’ என்ற சொல் இரண்டு முறை வருகிறது, ஆனால் ஆள் ஒருவரல்லர். அவள் சொல்வது சித்தப்பாவோ பெரியப்பாவோ, இப்போதைய அரசன். அவன் சொல்வது செத்துப்போன அப்பா. சொல் ஒன்று, அது சுட்டும் ஆள், அதாவது ரெஃபரன்ட், இரண்டு. ‘உன் அப்பா’வை அவன் ஏற்கவில்லை என்பதை ஒரு ‘என்’ மட்டும் சொல்லிவிடுகிறது.

இப்போது ‘தவ்’, ‘யூ’. அன்றைய ஆங்கிலத்தில் தவ் என்பது நீ, யூ என்பது நீங்கள். பெற்றவர் பிள்ளையிடமும், நெருங்கியவர் ஒருவரிடமொருவரும், கோபத்தில் எதிரியிடமும் தவ் சொல்வார்கள். இன்றைய ஆங்கிலத்தில் படித்தால் இது காதில் விழாது. தமிழில் படிக்கிற நமக்குச் சட்டென்று விழும், அது நமக்குள்ள அதிர்ஷ்டம். அம்மா மகனை நீ என்கிறாள், மகன் நீங்கள் என்கிறான். இதுவரை வழக்கம்தான். அடுத்து அம்மா, ‘கம், கம்’ என்று தொடங்கி அவன் பேச்சைக் கண்டிக்கிறாள். அங்கே அவள் வாயில் ‘தவ்’ போய் ‘யூ’ வருகிறது. வாடா போடா என்று பேசும் அம்மா திடீரென்று ‘நீங்க பெரிய ஆளு, சொல்லுங்க’ என்றால் வீட்டில் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அவன் பதில் ‘கோ, கோ’ என்று தொடங்குகிறது. அவளுடைய ‘வா’வுக்கு அவனுடைய ‘போ’.

என்னையே மறந்துவிட்டாயா என்று அவள் கேட்கிறாள். மறக்கவில்லை என்று சொல்லிவிட்டு அவள் யார் என்று வரிசையாகச் சொல்கிறான். நீங்கள் அரசி. உங்கள் கணவரின் சகோதரனின் மனைவி. ஆங்கிலத்தில் ‘யுவர் ஹஸ்பண்ட்ஸ் பிரதர்ஸ் வைஃப்’, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வேற்றுமை உருபு. பேச்சுத் தமிழில் சொன்னால் அண்ணனா தம்பியா என்று முடிவு செய்தாக வேண்டும், ஆங்கிலத்தில் தப்பித்துவிடலாம். ஒரே பெண்ணைக் குறிக்க, முதலில் பதவி, அடுத்து சுற்றிவளைத்த உறவு. கணவன் என்ற சொல் இறந்தவருக்கே போகிறது, இருப்பவன் வெறும் சகோதரன் ஆகிவிடுகிறான். மூன்றாவதைச் சொல்வதற்கு முன் நடுவில் ஒரு தொடரைச் செருகுகிறான். இதைப் பேரென்தெசிஸ் என்பார்கள். அப்படி இல்லாமல் இருந்திருக்கலாமே என்கிறான். அதற்குப் பிறகுதான், வரியின் கடைசிச் சொல்லாக, ‘மதர்’ வருகிறது.